உள்ளே விட்ட ஓர் அங்குலம்

எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளை யாருடைய உடம்பைப் பார்த்து எழுதினார்கள்? அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் யார்? ரெடிமேட் அளவுகளை மாற்றி எழுத வேண்டிய நேரம் இது.

அம்மா போன பிறகு பீரோவை ஒழுங்கு செய்தபோது, ஒரு மஞ்சள் பைக்குள் பழைய ரவிக்கை ஒன்று தனியாகக் கிடைத்தது. அரக்கு நிறம் வெளுத்து, அக்குளில் நைந்து போயிருந்தது. அதுதான் அம்மாவின் ‘அளவு ஜாக்கெட்’. புதுப் புடவை எடுத்தால் போதும், ஜாக்கெட் பிட்டோடு இதையும் சுருட்டி அதே பையில் வைத்துத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிட்டு வருவார். ‘உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்கண்ணே’ என்ற ஒரே ஒரு வேண்டுகோள்தான் எப்போதும் இருக்கும்.

ரவிக்கையை உட்பக்கம் புரட்டினேன். பக்கத் தையலில் ஊசி போய் வந்த தடங்கள் மூன்று வரிசையாகத் தெரிந்தன. தைராய்டு வந்து உடம்பு ஊதியபோது பிரித்துவிட்டது ஒன்று. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தளர்த்தியது அடுத்தது. சர்க்கரை நோயில் மெலிந்தபோது மறுபடி உள்ளே பிடித்தது மூன்றாவது. பதினைந்து வருடத்து உடம்பின் கதையை அந்த ஓர் அங்குலத் துணி சுமந்துகொண்டிருந்தது. கடைசி வருடங்களில் அம்மாவுக்கு முதுகு வளைந்தபோது, யாரும் கேட்காமலேயே டெய்லர் பின்பக்கத்தை ஓர் அங்குலம் கூட்டி, முன்பக்கத்தைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தார். உடம்பு மாறியதற்காக அம்மா ஒருநாளும் அந்தக் கடையில் கூனிக் குறுகி நின்றதில்லை.

அதே மாதம் என் அக்கா மகளைத் துணி எடுக்க அழைத்துப் போனேன். பதினேழு வயது, கல்லூரியில் சேர இரண்டு வாரம் இருந்தது. மூன்று குர்த்திகளை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனாள். மூன்றிலும் ‘எல்’ என்றுதான் போட்டிருந்தது. ஒன்று தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. ஒன்று கச்சிதமாக இருந்தது. மூன்றாவது மேல்கையைத் தாண்டி ஏறவே இல்லை. கதவைத் திறந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ‘நான் ரொம்பக் குண்டாயிட்டேன்ல சித்தி?’ என்றாள்.

பத்து நிமிடத்தில் அவள் உடம்பு மாறவில்லை. மாறியது துணியில் ஒட்டிய எழுத்தின் பொருள். ஆனால் பழியை அவள் தன் மேல் போட்டுக்கொண்டாள். என் அம்மாவுக்கு வராத அந்த வெட்கம் இவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

எண் பிறந்த கதை

ஆயத்த ஆடையின் அளவுகள் முதலில் ஆண்களுக்குத்தான் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் பெரும்படைகளுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லட்சக்கணக்கான வீரர்களுக்கு ஒருவர் ஒருவராக அளவெடுக்க நேரமில்லை. மார்புச் சுற்றளவை வைத்துச் சில அளவுகளாகப் பிரித்துத் தைத்தார்கள். போர் முடிந்ததும் அந்த முறை கடைவீதிக்கு வந்தது. ஆண்களின் சட்டை அளவு இன்றும் மார்புச் சுற்றளவையும் கழுத்துப்பட்டியையும் ஒட்டியே இருப்பதற்கு அந்தப் பாசறைப் பழக்கமும் ஒரு காரணம்.

பெண்களுக்கான அளவு அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது. தபாலில் துணி விற்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு, அளவு சேராமல் திரும்பி வந்த பொட்டலங்கள் பெரிய தலைவலியாக இருந்தன. 1939-40ல் அந்நாட்டு வேளாண் துறையின் மனையியல் பிரிவு ஓர் ஆய்வை எடுத்தது. ரூத் ஓ பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் அதை நடத்தினார்கள். சுமார் 15,000 பெண்களிடம் ஆளுக்கு 59 அளவுகள் எடுக்கப்பட்டன. பெண்களை வைத்து அவ்வளவு பெரிய அளவெடுப்பு அதற்கு முன் நடந்ததில்லை. 1941ல் அறிக்கை வெளியானது.

உழைப்பு பெரிது, அதில் இருந்த ஓட்டையும் பெரிது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் எடுக்கப்பட்ட இடங்களிலும், கணக்கில் சேர்க்காமல் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். தாமாக முன்வந்தவர்களை மட்டும் அளந்ததால், அதற்குக் கிடைத்த சிறு தொகைக்காக வந்த ஏழைப் பெண்களே அதிகம் இருந்தார்கள். இப்படித் திரண்ட எண்களை அடித்தளமாகக் கொண்டு 1958ல் அமெரிக்க அரசு ஒரு வணிகத் தர அளவை வெளியிட்டது.

அந்தப் பட்டியலில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. மார்புக்கு 8 முதல் 38 வரை ஓர் எண், உயரத்துக்கு ஓர் எழுத்து, இடுப்புப் பருமனுக்குக் கூட்டல் அல்லது கழித்தல் குறி என மூன்று விவரங்களைச் சேர்த்து அது அளவு சொன்னது. நடைமுறையில் கடைகளில் நிலைத்தது எண் மட்டும்தான். மூன்று பரிமாணம் கொண்ட உடம்பை ஒரே எண்ணுக்குள் அடைத்த வரலாறு அங்கே இறுகியது.

பிறகு அந்த எண்ணும் தளர்ந்தது. 1983ல் அரசு அந்தத் தர அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிறிய எண் போட்டால் வாங்குபவர் மகிழ்கிறார் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1958 பட்டியலில் 8ஆம் எண் என்றால் மார்பு 31 அங்குலம். 1995ல் வெளியான தன்னார்வத் தர அளவில் அதே 8ஆம் எண் 35 அங்குலம். எண் அப்படியே இருக்க, உள்ளே இருந்த உடை நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நாடாவை வைத்துக்கொண்டு அளக்கும் நிலை இப்படித்தான் வந்தது. என் அக்கா மகள் கையிலிருந்த மூன்று ‘எல்’களும் மூன்று உடம்புகளுக்குத் தைக்கப்பட்டவை.

‘சராசரி’ ஆளைத் தேடியபோது

தர அளவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நடுவில் ஒரு சராசரி ஆள் இருக்கிறார், அவருக்குத் தைத்தால் சுற்றியிருக்கும் பலருக்கும் சேரும் என்பது. அந்த நம்பிக்கையை உடைத்தவர் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர். 1950ல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகள் 4,063 பேரை அளந்தது. போர் விமானத்தின் இருக்கை யாருக்கும் சரியாகப் பொருந்தவில்லை என்ற கவலையில் எடுத்த கணக்கு அது.

டேனியல்ஸ் உயரம், மார்பு, கை நீளம் முதலிய 10 அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவே வரும் 30 சதவீதத்துக்குள் இருந்தால் அவரைச் ‘சராசரி’ என்று தாராளமாக வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. மூன்றே அளவுகளை எடுத்துப் பார்த்தபோதும் 3.5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தேறினார்கள். கை நீண்டவருக்குக் கால் குட்டையாக இருந்தது. மார்பு அகன்றவருக்கு இடுப்பு ஒடுங்கியிருந்தது. அத்தனைக்கும் இவர்கள் உடல்தகுதி பார்த்துச் சலித்து எடுக்கப்பட்ட இளம் ஆண்கள்.

அந்த அறிக்கைக்குப் பிறகு விமானப்படை செய்ததுதான் நாம் கற்க வேண்டிய பாடம். சராசரிக்குப் பொருந்தும் விமானிகளை அது தேடிப் போகவில்லை. முன்னும் பின்னும் நகரும் இருக்கை, கூட்டிக் குறைக்கும் பட்டைகள் என்று விமானத்தை மாற்றச் சொன்னது. நம் ஊர்ப் பாவாடை நாடா காலங்காலமாகச் செய்யும் வேலை அது.

திருப்பூர் மேசையில் நடப்பது என்ன?

ஒரு சட்டை எப்படி ‘எல்’ ஆகிறது என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், திருப்பூர் போதும். 2024-25ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் அது.

‘பயர்’ எனப்படும் வாங்கும் நிறுவனம் அனுப்பும் அளவுப் பட்டியலில் இருந்து வேலை தொடங்குகிறது. பேட்டர்ன் மாஸ்டர் முதலில் ஓர் அளவுக்கு மட்டும், பெரும்பாலும் ‘எம்’முக்கு, அட்டை வெட்டுகிறார். அதில் தைத்த ஃபிட் சேம்பிள் ஒரு பொம்மை மேலோ ஒரு மாடல் மேலோ சரிபார்க்கப்படும். அந்த ஒரு உடம்பு ‘சரி’ என்றதும் மற்ற அளவுகள் கணக்காகவே பிறக்கின்றன. இதற்குக் கிரேடிங் என்று பெயர். அளவுக்கு அளவு மார்புச் சுற்றில் இத்தனை சென்டிமீட்டர், தோளில் இத்தனை, கையில் இத்தனை என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

பிழை நுழையும் இடம் இது. உடம்பு இப்படிப் படிக்கட்டாக வளர்வதில்லை. சதை கூடினால் எலும்பு நீளாது. எடை கூடியவரின் வயிறும் மேல்கையும் பருக்கும். தோள் எலும்பு அதே அகலத்தில்தான் நிற்கும். கணக்கு மட்டும் தோளையும் சேர்த்தே அகலமாக்குகிறது. அதனால்தான் வயிற்றுக்குச் சேரும் சட்டை தோளில் தொங்குகிறது. தோளுக்குச் சேரும் சட்டை வயிற்றில் பொத்தானை இழுக்கிறது. மார்பு 38 அங்குலம் என்று இருவர் சொல்லலாம். ஒருவருக்கு அது அகன்ற முதுகால் வந்திருக்கும், இன்னொருவருக்கு முன்பாரத்தால் வந்திருக்கும். ரவிக்கை தைப்பவர் இதை ஒரு பார்வையில் கண்டு, டாட்டை ஆழமாகவோ மேலோட்டமாகவோ பிடிப்பார். அட்டைக்கு அந்தக் கண் கிடையாது.

இரண்டாவது பிழை தையலில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் இயந்திரம் தைத்துக்கொண்டே ஓரத்தை அறுத்துத் தள்ளுகிறது. தையலுக்கு உள்ளே மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர்கூட இராது. நூறு, இருநூறு அடுக்குத் துணியை விரித்து ஒன்றாக வெட்டும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் என்பது பெரும் பணம். அந்த மிச்சத்துக்கு நாம் கொடுத்த விலை, பிரித்துவிட முடியாத உடை. என் அம்மாவின் ரவிக்கையில் இருந்த ஓர் அங்குலம் இங்கேதான் காணாமல் போகிறது.

உற்பத்தியாளர்களின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஓர் அளவு கூடினால் புது அட்டை, புது மார்க்கர், புதுச் சேம்பிள். எஸ், எம், எல், எக்ஸ்எல் என எந்த அளவு எத்தனை தைப்பது என்ற ரேஷியோ பிசகினால் விற்காமல் தேங்கும் சரக்கு அவர்கள் தலையில் விழும். பெரிய அளவுக்குத் துணி அதிகம் பிடிக்கும். கடைக்காரரின் அலமாரிக்கும் எல்லை உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது. விற்ற ஆடைகளில் 20 முதல் 40 சதவீதம் திரும்பி வருவதாகவும், உடம்புக்குப் பொருந்தாததே அதற்கு முக்கியக் காரணம் என்றும் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் குறிப்பே சொல்கிறது. அனுப்பும் செலவு, திரும்பும் செலவு, கசங்கிய துணியின் நட்டம் எல்லாம் யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார்கள்.

ஒரு நாட்டு அளவு, இன்னொரு நாட்டு உடம்பு

ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு திருப்பூர் காதர்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் போகிறது. ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் என்று வெட்டிய டி-சர்ட்டைத்தான் நம் பிள்ளைகள் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் நெடுங்காலம் வெளிநாட்டுப் பட்டியல்களைத் தட்டிக்கொட்டியே பயன்படுத்தி வந்தன. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். அதைவிட உயரமான உடம்புக்குத் தயாரித்த பட்டியலில் முழங்கால் வரும் இடத்தில் நமக்குக் கெண்டைக்கால் வருகிறது. இடுப்பு வளைவு இடுப்பைத் தாண்டி இறங்குகிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் உயரத்துக்கு ஏற்ற அளவைவிட எடை கூடியவர்கள். 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். இரண்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டுகிறது. மருத்துவம் ‘நடு’ என்று சொல்லும் இடத்தில் நம் பெண்களில் பாதிப்பேர் இல்லை. எடை பற்றி மருத்துவர் பேசட்டும். அது வேறு விஷயம். இன்று காலை வேலைக்குப் போக அவர்களுக்கு ஓர் உடை வேண்டும். அது உடம்பு இளைக்கும்வரை காத்திருக்காது.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? ஜப்பானின் தர அளவில் பெண்களின் உடையில் ‘9ஏஆர்’ என்று போட்டிருக்கும். 9 என்றால் மார்பு 83 சென்டிமீட்டர். ‘ஏ’ என்பது இடுப்புக்கும் மார்புக்கும் உள்ள உறவைச் சொல்லும் உடல்வாகு. ‘ஆர்’ என்பது 158 சென்டிமீட்டர் உயரம். அதே மார்பளவில் குள்ளமானவருக்கு 150ம், உயரமானவருக்கு 166ம் தனி எழுத்துகளில் உண்டு. சீனாவில் ‘160/84ஏ’ என்றால் உயரம் 160, மார்பு 84, மார்புக்கும் இடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வகை ‘ஏ’. இந்த எண்களில் பெரியவள், சின்னவள் என்ற தீர்ப்பு எதுவும் இல்லை. உடம்பு எப்படியோ அதை அப்படியே சொல்கின்றன.

ஸ்பெயின் அரசு 2007-08ல் 12 முதல் 70 வயதுவரை 10,415 பெண்களை அளந்தது. மூன்று வகை உடல்வாகுகள் இருப்பதாக அது கண்டது: உருளை போல நேரானது, இடை குறுகியது, இடுப்புக்குக் கீழ் மணி போல விரிவது. அந்த ஆய்வை நடத்தியது சுகாதார அமைச்சகம் என்பதைக் கவனிக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகள் 38ஆம் அளவுக்குக் குறையக் கூடாது என்று பெரிய ஆடை நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தமும் போட்டது. அளவு சேராத உடையும் எலும்பும் தோலுமான பொம்மையும் இளம்பெண்களின் மனத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கின்றன என்று ஓர் அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட தருணம் அது. டிரையல் ரூம் கதவருகே நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டிலும் வேலை தொடங்கிவிட்டது. ‘இந்தியாசைஸ்’ என்ற பெயரில் 15 முதல் 65 வயதுவரையுள்ள 25,000 பேரை, ஆறு நகரங்களில், முப்பரிமாண உடல் ஸ்கேனர்களால் அளக்கும் திட்டத்தை நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 2019ல் அறிவித்தது. உடம்பில் நாடா படாமல் சில நொடிகளில் பல அளவுகளை எடுத்துவிடும் கருவிகள் அவை. மகிழ்ச்சிதான். ஆனால் 140 கோடி பேர் உள்ள நாட்டில், ஆறு நகரங்களில் நின்றவர்களின் அளவு நாற்று நடும் பெண்ணின் தோளையும், மூட்டை தூக்குபவரின் முதுகையும், நீலகிரிப் பழங்குடிப் பாட்டியின் உயரத்தையும் எட்டுமா என்ற கேள்வி நிற்கிறது. 1939ல் அமெரிக்கர்கள் செய்த பிழை நாடாவில் நேரவில்லை. யாரை அளப்பது என்ற தேர்வில் நேர்ந்தது. அதே இடத்தில் நாமும் சறுக்கக் கூடாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் உடம்பு உண்டு.

உட்கார்ந்திருக்கும் உடம்பு

எல்லா அளவுப் பட்டியலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமலேயே தீர்மானித்துவிடுகிறது: உடை போடுபவர் நேராக நிற்கிறார், இரண்டு கையாலும் பொத்தான் போடுகிறார் என்று. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கடையில் வாங்கிய பேன்ட் பின்னால் இறங்கி முதுகு தெரியும். முன்னால் மடிந்து வயிற்றை அழுத்தும். பின்பாக்கெட்டின் தடித்த தையல் மணிக்கணக்கில் உறுத்தும். தண்டுவடம் பாதிக்கப்பட்டு உணர்ச்சி இழந்தவருக்கு அந்த உறுத்தல் தெரியாது. அழுத்தப்புண் வந்த பிறகே தெரியும். சதையை அரித்து உயிருக்கே ஆபத்தாகும் புண் அது. தீர்வு ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பின்பக்க உயரத்தைக் கூட்டி, முன்பக்கத்தைக் குறைத்து, பின்பாக்கெட்டை எடுத்துவிட வேண்டும். என் அம்மாவின் முதுகுக்கு டெய்லர் செய்த அதே கணக்குதான்.

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவருக்கும், நடுக்கு வாதத்தால் விரல் நடுங்குபவருக்கும் சட்டைப் பொத்தான் ஒரு மலை. வெல்க்ரோவும், பொத்தானுக்குப் பின்னே மறைந்திருக்கும் காந்தமும் அந்த மலையை இறக்கிவைக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவில் டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் 2016ல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென இப்படிப்பட்ட ஆடைகளைக் கொண்டுவந்தது. நம் கடைகளில் அப்படி ஒரு வரிசையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வகையில் வடிவமைத்த நுகர்பொருள்களை உருவாக்கவும் விநியோகிக்கவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. சட்டையும் பேன்ட்டும் நுகர்பொருள் இல்லையா?

பட்டியலுக்கு வெளியே இன்னும் பலர் நிற்கிறார்கள். வளர்ச்சி குன்றிய உடல்வாகு கொண்டவர், அலுவலகத்துக்குப் போட்டுப்போகக் குழந்தைகள் பிரிவில் கார்ட்டூன் படம் இல்லாத சட்டையைத் தேடுகிறார். தோள் அகன்ற திருநங்கைக்கு ரெடிமேட் ரவிக்கை முதுகில் சேர்வதில்லை. மார்பகப் புற்றுநோயில் ஒரு பக்கத்தை இழந்தவருக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டிய உடை ஒவ்வொரு காலையும் அந்த இழப்பை நினைவூட்டுகிறது.

பொருந்தாத அளவு வேலையையே பறித்த கதையும் உண்டு. 2019 மார்ச்சில் விண்வெளியில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து நடக்கவிருந்த முதல் பயணத்தை நாசா மாற்றியது. நடுத்தர அளவு மேலுடை இரண்டு, தயார் நிலையில் இல்லை. அந்த நடை அக்டோபர் 18ஆம் தேதிதான் நடந்தது. விண்வெளியிலேயே இப்படி என்றால், ஆணின் அளவில் வாங்கிய ரப்பர் கையுறையையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு குப்பை அள்ளும் நம் தூய்மைப் பணியாளர் அக்காவின் நிலையை யோசிக்க வேண்டும்.

பதில் நம்மிடமே இருக்கிறது

நல்ல அளவு முறைக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். அப்பாவின் பனியனைப் பாருங்கள்: 85, 90, 95 என்று போட்டிருக்கும். அது மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். 95 பனியன் போடுகிறவர் தன்னைப் பெரியவர் என்றோ சின்னவர் என்றோ நினைப்பதில்லை. பிரா அளவில் எண் ஒன்று, எழுத்து ஒன்று என இரண்டு விவரம் இருக்கிறது. உள்ளே போடும் துணியில் இருக்கும் இந்த நேர்மை வெளியே போடும் துணிக்கு வந்தால் போதும்: மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை, உயரம் இத்தனை என்று ஒவ்வொரு உடையிலும் சென்டிமீட்டரில் அச்சிட வேண்டும். ஐரோப்பியத் தர அளவு ஒரு சிறு உடம்புப் படம் வரைந்து, இந்த எண்களை அதன் மேலேயே காட்டும் வழியைச் சொல்லியிருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

அடுத்தது, அந்த ஓர் அங்குலம். உள்ளே மார்ஜின் விட்ட ரெடிமேட் ரவிக்கைகளும் சுடிதார்களும் நம் கடைவீதிகளில் இப்போதே விற்கின்றன. இரண்டு அளவு மேலே போகும்வரை பிரித்துக்கொள்ளலாம். ஆக, ஆலைத் தையலில் இது முடியாத காரியம் இல்லை. பின்னிடுப்பில் எலாஸ்டிக், பக்கவாட்டில் நாடா, இரண்டு வரிசைக் கொக்கி என்று உடம்போடு கூடிக் குறையும் உடையை எல்லா விலையிலும் கொண்டுவர முடியும். பிள்ளை பெற்ற பிறகு உடைகளை எல்லாம் மூட்டை கட்டுவதும் குறையும். குப்பைக்குப் போகும் துணியும் குறையும்.

அரசின் பங்கும் இருக்கிறது. 1983ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் நடக்கிறது. இத்தனை லட்சம் பேருக்கு ஒருவரிடமும் அளவு கேட்காமல் உடை கொடுக்க முடிவது, அது தைக்காத துணி என்பதால்தான். ஒல்லி, பருமன், கர்ப்பிணி, கிழவி எல்லோருக்கும் அதே சேலை. உடுத்தும் கை அதை உடம்புக்கு ஏற்ப ஆக்கிக்கொள்கிறது. தைத்த துணிக்கு வந்தவுடன் அந்தச் சமத்துவம் போய்விடுகிறது. சத்துணவு உண்ணும் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. மாற்றத்தை அங்கிருந்தே தொடங்கலாம். பிள்ளைகளின் உயரத்தையும் மார்பு, இடுப்பு அளவையும் பள்ளியிலேயே எடுத்து, பெயரில்லாமல் தொகுத்தால், தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உடம்புக்கென ஓர் அளவுப் பட்டியல் சில ஆண்டுகளில் உருவாகிவிடும். திருப்பூரில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது; சென்னையில் நிஃப்ட் இருக்கிறது. அளக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

கடைக்குப் போகும் முன்…

• மார்பு, இடை, இடுப்பு, தோள், மேல்கைச் சுற்று ஆகிய ஐந்தையும் இஞ்ச் டேப்பால் அளந்து செல்போனில் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப அளந்து பாருங்கள்.

• இணையத்தில் வாங்கும்போது எழுத்தைப் பார்க்காமல் அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலைப் பாருங்கள். அது உடம்பின் அளவா, உடையின் அளவா என்று கவனியுங்கள். உடையின் அளவு உடம்பைவிடச் சில அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் மூச்சு விட முடியும்.

• தோள் சேரும் உடையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தைப் பிடிப்பது டெய்லருக்கு எளிது; தோளை மாற்றுவது கடினம்.

• உட்பக்கம் புரட்டித் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். பலர் கேட்டால்தான் அது வரும்.

• உங்கள் அளவு இல்லையென்றால் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் திரும்பிப் போகிறவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அன்று டிரையல் ரூமில் என் அக்கா மகளுக்கு நான் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. மூன்று குர்த்திகளையும் அவள் கையிலிருந்து வாங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து வைத்தேன். ஒரே எழுத்து, மார்புக்கு மார்பு மூன்று விரற்கடை வித்தியாசம். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘அப்ப என் மேல தப்பு இல்லியா?’ என்று கேட்டாள். ‘இல்லடா’ என்றேன்.

கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரம் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்தோம். அளவெடுத்து முடித்ததும், பாட்டி சொன்னதை ஒருநாளும் கேட்டிராத அந்தப் பெண், தானாகவே சொன்னாள்: ‘அண்ணே, உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க.’

தெருமுனைத் தையல்கடையில் அது இன்னும் கிடைக்கிறது. கடைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும், சக்கர நாற்காலியில் வருகிற ஒவ்வொருவருக்கும், கூன் விழுந்த ஒவ்வொரு முதுகுக்கும் அது ஆலையிலிருந்தே வர வேண்டும்.